சாரம்

முதலில் சொன்னது பூட்ஸ்தான்.
காலை ஐந்தரைக்கு உள்ளே போன கால்
மத்தியானம் வெளியே வர மறுத்தது.
கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி.
அது நிரம்ப ஒரு பீடி நேரம்.

சோஹார் ரிஃபைனரியில் ஷட்டவுன்.
வெயில், என்றான் ஃபோர்மேன்.
உப்பு, என்றான் மெஸ்காரன்,
தன் சாம்பாரைத் தானே காட்டிக்கொடுத்து.
கக்கூசில் பார்த்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை:
இரண்டு வாளி ஊற்றியும் போகாத நுரை.

முதுகில் ஊசி விட்டு நூலளவு சதை எடுத்தார்கள்.
மஸ்கட் போய்த் திரும்பியது கருப்பு வெள்ளைப் படமாக.
டாக்டர் பத்ரியா திரையை என் பக்கம் திருப்பினாள்.
அவளுக்குத் தெரிந்த ஹிந்தி, எனக்குத் தெரிந்த ஹிந்தி,
நடுவில் ஒரு சிறுநீரகம்.

வடிகட்டும் செல்லுக்குக் கால் உண்டாம்.
காலிலிருந்து குட்டிக் கால்கள்.
ரத்தக் குழாயைச் சுற்றிப் பிடித்து
பக்கத்துச் செல்லின் கால்களோடு
விரல் கோத்து நிற்குமாம்.
அந்த இடுக்கில் தண்ணீர் இறங்கும், புரதம் தங்கும்.
உனக்கு, என்றாள், எல்லாம் 'கிர் கயா'.

பதினாறு வருடம் பைப் பார்த்த கண் இது.
நட்டுக்கு நின்றது எதுவும் இல்லை.
கப்ளர் கழன்று
தரையோடு பரந்து கிடந்தது.
மேடம், இதற்கு ரெட் டேக், என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.

எங்கள் நாகர்கோவில் பக்கம்
கட்டடத்தைச் சுற்றிக் கட்டுவது சாரம்.
வேலை விட்டு வந்து இடுப்பில் உடுத்துவது சாரம்.
பிழிந்தால் இறங்குவதும் சாரம்.
கட்டுகிறவன் நான். உடுத்துகிறவன் நான்.
இறங்கிக்கொண்டிருந்ததும் என்னுடையதுதான்.

ஸ்டீராய்டில் முகம்தான் உருண்டது, கால்கள் எழவில்லை.
அடுத்து சைக்ளோஸ்போரின்.
உடம்பின் காவல்காரனை அரைத்தூக்கத்தில் வைக்கிற மருந்து.
அவன் ஆளை மாற்றி அடிக்கிறானோ என்று சந்தேகம்.
ஆனால் கேள், என்றாள் பத்ரியா,
காவல்காரனைக் கேட்காமலும் இது ஒரு வேலை செய்கிறது.
நேராகச் செல்லுக்குள் போகிறது.
காலுக்குள் இழைகளைச் சேர்த்துப் பிடிக்க ஒரு புரதம்.
அதை இளக்கிவிட ஒரு கை.
அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறது.
புரதத்தின் பெயரும் சொன்னாள், வாயில் நிற்கவில்லை.
கப்ளர் என்று வைத்துக்கொண்டேன்.

காலை எட்டு, இரவு எட்டு.
உறையைப் பிரித்தால் மரநாய் புகுந்த மச்சு வாசம்.
மேல்பங்க் ராம்பிரவேஷ் ஜன்னலைத் திறந்து
ஏசியை வீணாக்குகிறான் என்று கேம்ப் பாஸிடம் திட்டு வாங்கினான்.
முழங்கையில் புது மயிர். ஈறு தடித்தது.
கை நடுங்கியது.
ஸ்பானர் பிடித்த கையில் நடுக்கம் என்றால்
கீழே நடக்கிறவன் தலைக்கு யார் பொறுப்பு?
நானே போய்ச் சொன்னேன்.
என்னை இறக்கி, ஸ்டோர் பக்கத்தில் நாற்காலி போட்டு
டேக் எழுத வைத்தார்கள்.
எழுத்தும் ஆடியது.

ஏழாம் மாதம் புரதம் பாதிக்குக் கீழே.
ஆனால் கிரியாட்டினின்
ஒரு படி, ஒரு படி என்று ஏறியது.
முட்டுக் கொடுக்கிற மருந்தே
நுண்குழாய்களின் கழுத்தையும் நெரிக்குமாம்.
கூட்டினால் அது, குறைத்தால் இது.
டோஸைக் கொஞ்சம் இறக்கினாள் பத்ரியா,
வாரம் ஒரு ரத்தம்,
பம்பளிமாசு தொடாதே.

மஞ்சள் டேக், என்றேன்.
இந்த முறை கேட்டாள், அப்படியென்றால்?
ஏறலாம் மேடம். ஆனால்
எத்தனை ஆள், எவ்வளவு பாரம் என்று
அட்டையில் எழுதியிருக்கும்.
தினமும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அதனால்தான் விடியுமுன்,
மற்றவர்கள் வரிசை கட்டுமுன்,
கேம்ப் கக்கூசின் இருபது வாட் பல்பின் கீழ்
சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்கிறேன்.

நுரை இல்லை.
அல்லது
வெளிச்சம் போதவில்லை.